எண்பதில் திருப்பிய பக்கம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓர்கன் வாசித்த ஆங்கிலேயருக்குப் பதினொரு வருடம் நான் பக்கம் திருப்பினேன். எனக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். தாளில் கோடு பிரித்த கட்டம் ஒன்றுக்கு நாலு தட்டு, பக்கத்துக்கு இருபது கட்டம், எண்பதில் திருப்பவேண்டும். சப்பாத்துக்குள் பெருவிரலால் தட்டிக்கொள்வேன். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் என் வீட்டிலிருந்து கோயில்வரை காலடிகளை எண்ணி நடப்பவனுக்கு இது கஷ்டமில்லை.

அவர் ஒன்பது வயதில் இங்கிலாந்தில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தவர். இருபதில் ஓர்கன். பிறகு ரொறன்ரோவில் நாற்பத்தொரு வருடம். அறுபத்து மூன்று உருப்படிகள் எழுதினார். அச்சில் வந்தவை இரண்டு. தமிழ்ப் பூசைக்கும் அவரே வாசித்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே முறைப்பாடு: "வரி முடிந்தாலும் உங்கள் சனம் விடாது." எங்கள் ஆட்கள் கடைசி எழுத்தில் மூச்சுத் தீருமட்டும் நிற்பார்கள். அவர் காத்திருப்பார்.

போன வைகாசியில் வேலையை விட்டு இங்கிலாந்துக்குத் தங்கையிடம் திரும்ப முடிவெடுத்தார். கடைசிப் பூசை முடிவில் வாசிக்க அறுபத்து நாலாவதை எழுதினார். அதை ஒருமுறைதான் வாசிப்பார். அங்கே அவருக்கு ஓர்கன் இல்லை. ஒத்திகை கேட்டேன்.

"தேவையில்லை. இதுவும் இருபது கட்டம்தான்."

"உங்கட எண்ணிக்கை பிழைச்சா அந்த மனிசன் பிளேனிலை இருந்தும் உங்களைத்தான் திட்டும்," என்றாள் வீட்டில் என் மனைவி.

"எனக்குப் பிழைக்காது."

எண்பதில் திருப்பினேன். ஒரு முழுக் கட்டம் மிச்சமிருந்தது. அவர் கண்ணை மூடி, நினைவிலிருந்து அதை வாசித்துக் கடந்தார். எங்கே கூடியது? இரண்டாம் பக்கத்தில் விரலை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். ஒவ்வொரு நாலாவது கட்டத்திலும் ஐந்து தட்டு. வரி முடிவில் எங்கள் சனம் இழுக்கும் அதே இழுவை. அந்தப் பக்கத்தை எண்பத்தைந்தில் திருப்பினேன்.

முடிந்ததும், "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"பதினொரு வருடம் அப்படித்தானே பாடினீர்கள்! எண்ணவில்லையா?"

பாட்டுகள் ஒரு பக்கத்துக்குள் முடியும்; பாடும்போது நான் எண்ணுவதில்லை. அது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பாடாமல் இருந்து எண்ணினேன். ஐந்து அல்ல, பின்வரிசையில் சிலவேளை ஆறு. அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.