ராஜினாமாக் கடிதத்தின் கடைசி வரி

என் தங்கை நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருஷம். வீட்டுக்கு வந்தால் புலம்பல்தான். நேற்று, "இந்த வேலையே வேண்டாம்க்கா" என்று ராஜினாமா எழுதி, பிழை பார்க்கச் சொல்லி நீட்டினாள். விட்டது தொல்லை என்றுதான் நானும் வாங்கினேன். நோயாளிக் குறிப்பு எழுதி எழுதிப் பழகிய கை, கடைசியில் இப்படி முடித்திருந்தது: "நாளை காலை எட்டு மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும்."

"யாருக்குடி?"

"ஏழாம் பெட் லாரி டிரைவருக்கு. ஆறு வாரத்துப் புண்ணு, இப்பதான் மூடுது. கட்டைப் பிரிக்கறப்ப புண்ணைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் சிரிச்சாத்தான் மூச்சே விடுவார்."

சொல்லும்போதே சிரித்தாள். முகம் தெரியாத அந்த மனுஷனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு, மேலே இருந்ததையெல்லாம் பிழை என்று அடித்துக் கொடுத்தேன்.