சிஸ்டர் சொன்னால் சரிங்க

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எகிறி, மயங்கி விழுந்து, துடியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நரம்பு வழியாக இன்சுலின் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்ட நர்சைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

மணிக்கொரு தரம் அவள் வந்து, "விரல் குடுங்க" என்பாள். கோயிலில் திருநீறு வாங்குவது போல மனுஷர் கையை நீட்டுவார். "சரிங்க சிஸ்டர்." வீட்டில் எப்போதாவது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம் என்று நான் சொன்னால், "உனக்கு வேற சோலியே இல்லையா?" என்று எழுந்து போகிறவர் இவர்தான்.

அவள் வேலையில் குறை தேடினேன். புது ட்யூப் மாட்டும்போது மருந்தில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் ஓடவிட்டாள்.

"ஏனுங்க, மருந்த வீணாக்கறீங்க?"

"இன்சுலின் ட்யூப்புலயே ஒட்டிக்குமுங்க்கா. மொதல்ல ஓடவிட்டாத்தான் ஒடம்புக்குச் சரியான அளவு போகும்."

பிறகு இன்னொரு நர்சைக் கூப்பிட்டு, அளவை வாய்விட்டுச் சொல்லி, இருவருமாகச் சரிபார்த்தார்கள். குறை ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சல்தான் கூடியது.

உடம்பு தேறியதும் ஊசிக்கு மாற்றினார்கள். முதல் ஊசியை அவளே போட்டாள். அது வேலை செய்யத் தொடங்கும்வரை ட்ரிப்பையும் ஓடவிட்டாள். இனி வீட்டில் தினமும் நான்தான் போட வேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இவரோ, "சிஸ்டரே ஊட்டுக்கு வந்து போட்டுட்டுப் போவாங்களா? இவ கையில நான் ஊசி போட்டுக்க மாட்டேன்" என்றார். அவள் எதிரிலேயே சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நர்ஸ் என்னை வாசல் பக்கம் கூப்பிட்டாள். "எங்க ஊட்டுக்காரருக்கும் சுகருங்க்கா. நாஞ் சொன்னா காதுலயே வாங்க மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அவருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

முகம் தெரியாத அந்த மனுஷரிடம், "மாத்திரைய விட்டுப்போடாதீங்க கண்ணு. சம்சாரம் சொல்றதக் கேளுங்க" என்றேன்.

"சரிங்க்கா, சரிங்க்கா" என்று குழைந்தது அந்தக் குரல். பக்கத்தில் நின்ற நர்சின் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

கட்டிலிலிருந்து இவர் கேட்டார்: "யாரது, அந்தக் கண்ணு? எங்கிட்ட ஒரு நாளாவது இத்தன நயமாப் பேசியிருக்கியா?"

அடுத்த ஊசி நேரத்துக்கு நர்ஸ் மருந்தோடு வந்தாள். இவர் சட்டையைத் தூக்கி, வயிற்றை என் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தார்.