ஒரு கார்டுக்கு ஒரு குழி

எஸ்லின் நாற்பத்திரண்டு வயதுக்குள் ஜெயித்தவை நான்கு. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமலே ஓசூர் போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டாள். பஸ்ஸில் போகவர போனில் கேட்டே நான்கு சுவிசேஷங்களையும் மனப்பாடம் செய்தாள். புருஷன் தானியேல் சிறைக்குப் போன பிறகு காலனியே காதுபடப் பேசியும் ஒரு ஷிப்டைக்கூடத் தவறவிடவில்லை. நான்காவது, ஆறடிக்கு மூன்றடி நிலம்.

பிறந்த ஊரான நாகரசம்பட்டியில், வீட்டில் ஒருத்திக்குத்தான் படிப்பு என்று முடிவானபோது அக்கா மேரிராணி ஐந்தாவது வரை போனாள். எஸ்லின் மாந்தோப்புக்குப் போனாள். அதனால் எங்கும் கைநாட்டுதான்.

தானியேல் வேலைசெய்த மோட்டார் பட்டறையில் எட்டுக் கிலோ செம்புக்கம்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். அந்த ஞாயிறே சபைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தார்கள். எஸ்லின் வாராவாரம் சிறைக்குப் போய் அவனைப் பார்த்தாள். அங்கே நோட்டில் கட்டைவிரலை வைக்கும்போதெல்லாம் காவல்காரப் பெண் சிரிப்பாள். அதற்காகவே அக்காவிடம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பெயர் எழுதப் பழகினாள். முதல் எழுத்துக்கு மட்டும் பதினொரு நாள் ஆனது. எழுத்து கைக்கு வந்த வாரம் தானியேல் சிறையிலேயே காமாலையில் செத்துப்போனான்.

உடலை ஏற்றிவந்த வேன் சபை வாசலில் நின்றது. அத்திப்பள்ளிக்குத் திரும்பவேண்டிய டிரைவர் அடிக்கடி மணி பார்த்தார். சபையின் கல்லறைத் தோட்டம் மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே குறுகிப்போயிருந்தது. உறுப்பினர் கார்டு ஒன்றுக்கு ஒரு குழி என்பது சட்டம். தானியேலுக்குக் கார்டு இல்லை.

"திருடனுக்கு இங்க எடமில்ல," என்றார் செயலாளர் அருள்ஜோசப்.

"சிலுவையில தொங்குன கள்ளனுக்கு ஆண்டவர் எடம் குடுத்தாருங்களே, ஐயா."

"அது லூக்கா எழுதுனது. மத்தேயுவும் மாற்கும் என்ன எழுதியிருக்காங்க? ரெண்டு கள்ளனுமே அவர ஏசுனாங்கன்னுதான். உம் புருஷன் எந்தக் கள்ளன்? மனசு திரும்பிட்டேன்னு எங்கிட்ட வந்து சொன்னானா?" பிறகு கமிட்டிக்காரர்களைப் பார்த்துத் திரும்பினார். "கைநாட்டு நமக்குப் பைபிள் வகுப்பு எடுக்குது."

அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை எஸ்லின் நின்றாள்.

"நீங்க சொல்ற அதே மத்தேயுதானுங்க, காவல்ல கெடந்தவன வந்து பாத்தியான்னு ஆண்டவரு கடைசி நாள்ல கேப்பாருன்னு எழுதியிருக்காரு. இவரு நாலு மாசம் கெடந்தாரு. உங்கள்ல யாரு வந்தீங்க?"

அருள்ஜோசப் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "நீ போனியே, போதும். இப்ப உங்கிட்ட ஒரு கார்டு இருக்குது. உன் குழிய அவனுக்கு விட்டுக்குடு. நாளைக்கு நீ செத்தா உன்ன எங்க கொண்டுபோறதுன்னு எங்கள யாரும் கேக்கக் கூடாது."

கூட வந்திருந்த மேரிராணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எஸ்லின் விடுவித்துக்கொண்டு, குழியை விட்டுக்கொடுப்பதாக எழுதச் சொன்னாள்.

எழுதி முடித்து, மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் அதை மூடித் திருப்பித் தள்ளிவிட்டு, செயலாளரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டாள். சிறை நோட்டுக்காகப் பழகிய நான்கு எழுத்துகளையும் ஒன்றோடொன்று ஒட்டாமல், கோட்டுக்குக் கீழே இறங்காமல் எழுதினாள். தாளின் மேலே தேதி போட்டிருந்தது: 21 நவம்பர் 2023.