கணக்கில் வராத சோறு

நடக்கப் புறப்படும்போது செவ்வந்தி இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொள்வார். தோளில் ஒரு சாக்கு. வாய்க்கால் கரையோடு மதகு வரை போய்த் திரும்பி வரும்போது சாக்கு நிறையப் புல் இருக்கும். வீட்டில் மாடு கிடையாது. கடைசிப் பசுவை விற்று நாலு வருஷமாகிறது. புல்லை எதிர்வீட்டுக் கண்ணுசாமியின் கன்றுக்குட்டி முன்னால் கொட்டிவிட்டு, "ரொம்ப எளைச்சுப் போயிருக்கு" என்பார். அந்தக் கன்றுக்குட்டிக்குத் தின்று தின்று கழுத்துக்கயிறு இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

குடவாசல் கடைத்தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் லத்தீஃபா சொன்னது இதுதான்: தினமும் முக்கால் மணி நேரம், கையை வீசி, சும்மா நடக்க வேண்டும். செவ்வந்திக்கு எல்லாம் புரிந்தது, 'சும்மா'தான் புரியவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது ரெங்கசாமி பண்ணையின் ஆட்கள் குடியிருந்த தெருவில். அந்தத் தெருப் பெண் வெறுங்கையோடு வரப்பில் போனால் பண்ணைக் காரியக்காரர் நிறுத்திவைத்து, எங்கே போகிறாய், யார் வரச் சொன்னது என்று குடைந்தெடுப்பார். கையில் அரிவாளோ கூடையோ இருந்தால் ஒரு கேள்வியும் வராது. காரியக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று. நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணை உடைந்து, செவ்வந்தியின் புருஷன் வைரக்கண்ணு பேரில்கூட மூன்று மா நிலம் வந்து பட்டாவும் ஆயிற்று. ஆனாலும் வெறுங்கையோடு நடந்தால் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது என்கிறார்.

செவ்வந்திக்கு வயது ஐம்பத்தொன்று. ஊர்த் தொடக்கப் பள்ளியில் பதிமூன்று வருஷமாகச் சத்துணவு சமைக்கிறார். பிள்ளைகளின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. யார் முருங்கைக்காயை ஒதுக்குவான், யார் முட்டையை டவுசர் பைக்குள் போட்டு வீட்டிலிருக்கும் தங்கைக்குக் கொண்டுபோவான் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். அண்டாவின் மூடிப் பக்கம் காதைக் கொண்டுபோய்ச் சத்தத்தைக் கேட்டே வடிக்கிற பதம் சொல்வார். சோறு குழைந்த நாள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தலைமையாசிரியர் இராஜாங்கமும் யோசிக்கத்தான் வேண்டும்.

போன ஐப்பசி மழையில் அண்டாவை இறக்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. வடிகஞ்சி தரையெல்லாம் ஓடியது. நல்லவேளை, பக்கத்தில் பிள்ளைகள் இல்லை. இராஜாங்கம் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். வேலைக்குத் தகுதி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரவேண்டும், இல்லாவிட்டால் தை மாதம் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லத்தீஃபா எடை பார்த்தார். எண்பத்து நாலு கிலோ. ஏழு கிலோ குறைந்தால் முழங்கால் தாங்கும், அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அன்று ராத்திரி வைரக்கண்ணுவிடம் செவ்வந்தி சொன்னது ஒரே வார்த்தைதான்: "அந்த அடுப்படிய விட்டா, வெடிஞ்சா நான் எங்க போவேன்?"

டாக்டர் தந்த தாளில் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி, ஒரு வேளைக்கு அரிசி எழுபத்தைந்து கிராம் என்று இருந்தது. கலோரியைப் பற்றிச் செவ்வந்திக்குக் கவலையில்லை, அதைக் கண்ணால் கண்டவர் யார்? கிராம்தான் இடித்தது. ஏனென்றால் அது அவருடைய தொழில்.

"ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கே கவர்மெண்டு நூறு கிராம் போடச் சொல்லுது. நான் ஒண்ணாங்கிளாஸுக்கும் கீழயா டாக்டரம்மா?"

லத்தீஃபா சிரிக்காமல், அந்தப் பிள்ளை வளரவேண்டும், நீங்கள் வளர வேண்டாம் என்றார். காலை மாலை இருபது முறை குனிந்து நிமிரும் பயிற்சி என்றபோது, நடவில் குனிந்ததையெல்லாம் சேர்த்தால் இன்னும் நூறு வருஷத்துக்குத் தாங்குமே என்று செவ்வந்தி கேட்டுப் பார்த்தார். பழைய குனிவு இன்றைக்குச் செல்லாது என்று பதில் வந்தது.

வாதாடினாரே தவிர, சொன்னதைச் செய்தார். எழுபத்தைந்து கிராமைக் கண்ணளவில் எடுத்துத் தனிச்சட்டியில் வடித்துக்கொண்டார். பசி வந்தது. எத்தனையோ வருஷமாக மறந்துபோயிருந்த பசி. அதன் பின்னாலேயே பழைய நாளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அறுபத்தேழு, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், கோட்டையில் ஆட்சி மாறிய வருஷம். அறுவடைக் கூலியில், அளக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூடுதலாக வேண்டும் என்று ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் ரெங்கசாமி வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். பதினெட்டு நாள் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தெரு நடுவே ஒரே பானை. வயல் நண்டு, நத்தை, பொன்னாங்கண்ணி, யார் மடியிலோ இருந்த ஒரு கை குருணை, எல்லாம் அதில்தான் விழும். அந்தப் பானைக்கு அகப்பை பிடித்தவர் இருபத்துமூன்று வயதுச் செவ்வந்தி. மாலை நேரத்தில் எல்லாரும் பானையைச் சுற்றி நின்று, பாட்டும் கேலியுமாக, ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி கஞ்சி குடிப்பார்கள். அந்த ருசி அதற்கப்புறம் எந்தச் சோற்றிலும் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வார், சொல்லும்போது குரல் இளகிவிடும். அந்தப் பானையைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. கடைசியில் அரைப்படி கிடைத்தது.

"அப்ப அரைப்படி கூட்டப் பட்டினி கெடந்தோம். இப்ப அரைப்படி கொறைக்கப் பட்டினி கெடக்குறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பட்டினிக்குத் துணை இருந்தது, இதற்கு இல்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

ஒரு மாதம் கழித்து எடை பார்த்தபோது முள் எண்பத்து நாலைத் தாண்டி நின்றது. லத்தீஃபா தாளையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். மறைத்து எதையோ சாப்பிடுகிறீர்கள், கணக்கு பொய் சொல்லாது, நீங்கள்தான் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார்.

செவ்வந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. தாசில்தார் முன்னால் கூலித் தகராறு பேசிய நாளில், எத்தனை மரக்கால் அளந்தார்கள் என்ற கேள்வி வந்தபோது, எதிராளியான ரெங்கசாமியே செவ்வந்தியைக் கேளுங்கள், அந்தப் பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்றவர். அப்பேர்ப்பட்ட வாயைப் பொய் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ரெண்டு வேளைதாம்மா சோறு. ஒங்க கணக்குல எதையோ விட்டுட்டீங்க" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் தட்டைக் கழுவப் போன பிறகு, வழக்கம்போல அண்டாவைச் சாய்த்துவைத்து அடியைச் சுரண்டினார். ஒட்டிக்கிடந்த சோற்றில் மிச்சச் சாம்பாரை ஊற்றி, நின்றபடியே உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். உதவிக்கு இருக்கும் காளியம்மாள் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தார்.

"இன்னும் சாப்புடலியாக்கா?"

"எங்கடி, வீட்டுக்குப் போயித்தான்" என்றார் செவ்வந்தி, வாய் நிறையச் சோற்றோடு.

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கை அப்படியே நின்றது.

அவர் அறிந்தவரை, சாப்பாடு என்றால் உட்கார வேண்டும், தட்டோ இலையோ வேண்டும், யாராவது போட வேண்டும். இது சாப்பாடு இல்லை, வீணாகாமல் வாயில் போட்டுக்கொள்வது. பண்ணையில் களத்தோரம் நின்றபடி தின்றதை யாரும் சாப்பாடு என்று சொன்னதில்லை. அண்டாவை எட்டிப் பார்த்தார். கண் தானாக அளந்தது. மூன்று பிள்ளைச் சோறு. தினமும், பதிமூன்று வருஷமாக. இந்த ஒரு மாதப் பசியில் இன்னும் கூடவே. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை கிளினிக்கில் நேராகச் சொல்லிவிட்டார்: "நான் பொய் சொல்லல டாக்டரம்மா. அது சோறுன்னு எனக்கே தெரியல."

லத்தீஃபா பேனாவை மூடினார். பொய் என்று சொன்னது தன் தப்புத்தான் என்றார். பிறகு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள் என்றார்.

"அது மட்டும் நம்மால ஆவாது. வேணும்னா வீட்டுல மத்தியானச் சோத்த விட்டுடறேன்."

மிராசுதாரிடம் பேசியவருக்கு இந்தப் பேரம் எம்மாத்திரம்? டாக்டர் தாளில் மத்தியானச் சோற்று வரியை அடித்தார். இன்னொரு வரியையும் யோசித்து அடித்தார். கடைசியில், "எதைத் தின்னாலும் தட்டுல போட்டு, உக்காந்து சாப்பிடுங்க. இத மட்டும் எனக்காகச் செய்ங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, செவ்வந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். முன்னால் ஒரு அலுமினியத் தட்டு. காளியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு அண்டாவிலிருந்து சோறு எடுத்துப் போட்டார். அந்த அறையில் செவ்வந்திக்கு ஒருவர் சோறு போடுவது அதுதான் முதல் தடவை.

"மீதிய ஒன் தட்டுல போட்டுக்கிட்டு நீயும் உக்காரு" என்றார் செவ்வந்தி.

காளியம்மாள் அதைக் காதில் வாங்காமல், பழக்க தோஷத்தில், இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு குனிந்தார். ஐம்பத்தொரு வருஷம் ஏந்தியே பழகிய கையைச் செவ்வந்தி கவிழ்த்து, தட்டுக்குக் குறுக்கே நீட்டினார்.