தூணடியில் ஒரு நீலக் கறை

1. கரடிகளுக்கு வீடு

2009 ஒக்டோபரில் பேர்ண் நகரம் தன் கரடிகளுக்கு ஆற்றங்கரையில் புது வீடு கட்டிக் கொடுத்தது. சரிவில் புல், மரம், நீந்தக் குளம், குளிருக்கு ஒதுங்கக் குகை. அதே மாதம்தான் பழைய நகரத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, எனக்கு அப்வார்ட் வேலை கிடைத்தது. அப்வார்ட் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். படி கழுவுவது, குப்பையை வெளியே வைப்பது, பனி தள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் ஐந்து பேர் இரண்டரை அறை வீட்டில் இருந்தோம். கரடிகள் இரண்டு. முதல் நாள் வேலைக்குப் போகும்போதே எனக்கு வயிறு எரிந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் நில அளவைக் கந்தோரில் வேலை செய்தவன். எதையும் எண்ணாமல், அளக்காமல் கடக்க முடியாது. வேலை கிடைத்ததும் நகரத்தைப் பற்றிப் படித்தேன். 1191இல் தொடங்கிய ஊர். மூன்று பக்கமும் ஆறு வளைத்து ஓடுகிறது. 1405இல் மர வீடுகள் எரிந்து போக, பிறகு மணற்கல்லில் கட்டினார்கள். 1848இல் நாடாளுமன்றம் வந்தது. ஆனால் சட்டத்தில் இதற்குத் தலைநகரம் என்ற பெயர் இல்லை, கூட்டாட்சி நகரம்தான். பெரிய கட்டடம், பெரிய பணம், எங்கள் ஆட்களின் கடை வரிசை எல்லாம் சூரிச்சில். ஊரிலிருந்து போன் எடுக்கிறவர்கள், “சூரிச்தானே தலைநகரம்?” என்று கேட்பார்கள். இந்த நகரத்துக்காகவும் நானே சேர்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

2. தூணுக்கு அப்பால்

பேர்ணின் பழைய தெருக்களில் வீட்டின் கீழ்த்தளம் உள்வாங்கி, முன்னால் வளைவுகளும் தூண்களுமாக மூடிய நடைபாதை போகும். அதற்கு லாவுபன் என்று பெயர். மழையிலும் நனையாமல் நகரம் முழுக்க நடக்கலாம். யாரும் நடக்கலாம், ஆனால் நிலம் வீட்டுக்காரருடையது. ஆகவே தூணுக்கு உள்ளே கூட்டுவது அப்வார்ட்டின் வேலை. தூணுக்கு வெளியே கூட்டுவது நகரசபையின் வேலை. தூண் வரிசைதான் எல்லைக்கோடு. அதை இரண்டு பக்கமும் தாண்டுவதில்லை.

வெளிப்பக்கத்துக்குச் சில வருடம் கழித்துக் குலம் என்ற எங்கள் ஆள் ஒருவன் வந்தான். சூரிச்சில் சமையலறை வேலை செய்துவிட்டு வந்தவன். வந்த வேகத்தில் நகரசபையில் சேர்ந்து, செம்மஞ்சள் உடுப்பும் கூட்டுகிற மெசினும் வாங்கிவிட்டான். இங்கே எழுதுகிற ஜெர்மன் வேறு, பேசுகிற ஜெர்மன் வேறு. எழுத்து ஜெர்மனில் நான் ஒரு பிழை விடமாட்டேன். அவன் ஒரு வசனமும் சரியாக முடிக்கமாட்டான். ஆனால் தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் பேர்ண்காரரைப் போலவே இழுத்து, “குறூயெசெக்” என்று வணக்கம் சொல்வான். அவர்களும் நின்று கதைப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் அவனோடு படம் எடுப்பார்கள். தூணுக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னிடம் கழிவறை எங்கே என்று கேட்பார்கள்.

“அண்ணை, உங்கட பக்கம் நிழல், என்ர பக்கம் வெயில். மாறுவமோ?” என்பான்.

“நகரசபை வேலையும் உனக்கு, மெசினும் உனக்கு. இப்ப நிழலையும் கேக்கிறியோ?”

அவன் சிரிப்பான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

3. வெங்காயச் சந்தை

நவம்பர் நாலாவது திங்கட்கிழமை பேர்ணில் வெங்காயச் சந்தை. பின்னிய வெங்காயச் சரம், வெங்காயத் தோசை மாதிரி ஒரு பணியாரம், சுடவைத்த வைன். பின்னேரம் ஆனதும் ஆளை ஆள் துரத்திக் கலர்க் காகிதத் துண்டுகளைத் தலையில் கொட்டுவார்கள். அதைக் கொன்ஃபெற்றி என்பார்கள். நாடாளுமன்றத்துக்கு முன்னாலேயே கணுக்கால் அளவுக்குக் கிடக்கும்.

எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தபோது, சந்தைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மேல்மாடியில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரி ஃபிராவ் கெர்பர் கீழே வந்தார். எண்பது தாண்டியவர். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“என்ர மகன் உங்களை நிப்பாட்டிப்போட்டு வேலையை ஒரு துப்புரவுக் கொம்பனிக்குக் குடுப்பம் எண்டு நிக்கிறான். எனக்கு விருப்பமில்லை. செவ்வாய்க்கிழமை காலமை அவனைக் கூட்டிக்கொண்டு வாறன். சந்தைக்கு அடுத்த நாள் லாவுபன் எப்பிடி இருக்குதெண்டு அவன் பார்க்கட்டும்.”

அந்த வயதில் வேலை போனால் இன்னொன்று கிடைக்காது.

சந்தையன்று கொன்ஃபெற்றியை லாவுபனிலிருந்து தெருவுக்குத் தள்ளிவிட வேண்டும், மெசின் வந்து உறிஞ்சும். மெசின் போன பிறகு தள்ளினால் நாமேதான் பையில் அள்ள வேண்டும். குலம் காலையிலேயே வந்து சொன்னான்.

“அண்ணை, தண்ணி கிண்ணி ஊத்தாம காய்ஞ்சபடி தள்ளுங்கோ. உங்கட தூணடியிலை மெசினைக் கொஞ்சம் நிப்பாட்டுறன்.”

“நீ உன்ர வேலையைப் பார். எனக்குக் கூட்டத் தெரியும்.”

அவன் உதவியால் என் வேலை தப்பியது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. பின்னேரம் கொன்ஃபெற்றி பறக்கத் தொடங்கியதும், மெசின் வருமுன்பே முடிக்க நினைத்தேன். காற்று அடித்தது. தள்ளத் தள்ளக் காகிதம் திரும்பி உள்ளே பறந்து வந்தது. எங்கள் முற்றங்களில் தூசி எழும்பினால் என்ன செய்வோம்? தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுவோம். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கையால் வீசித் தெளித்தேன். காகிதம் அடங்கியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதன் மேல் சனம் நடந்தது. தும்புத்தடியால் தள்ளியபோது அது காகிதமாக இல்லை, கூழாக இருந்தது. கூழ் தூணடியில் போய் ஒட்டியது. சுரண்டி எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். பச்சைச் சாம்பல் நிறத் தூணின் பாதத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம்.

விடியும்வரை தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சாயம் கல்லுக்குள் இறங்கியது. மணற்கல் தண்ணீர் குடிக்கிற கல் என்று நான் படித்திருந்தேன்.

4. செவ்வாய்க்கிழமை

ஃபிராவ் கெர்பரும் மகனும் வந்தார்கள். மகன் நேரே தூணடியைக் காட்டினான்.

“இது என்ன?”

எழுத்து ஜெர்மனில் ஏழு வசனம் தயாராக வைத்திருந்தேன். முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் குலத்தின் மெசின் வந்து நின்றது. அவன் இறங்கி எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான். தன் உடைந்த பேர்ண் பேச்சில் சொன்னான்.

“எங்கட நாட்டிலை வீட்டு வாசலுக்குத் தண்ணி தெளிச்சுத்தான் கூட்டுவம். வீட்டுக்கு அது மரியாதை. இவர் உங்கட வீட்டுக்கு அந்த மரியாதை செய்தவர்.”

ஃபிராவ் கெர்பர் மகனின் தோளைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். பேர்ண்காரர் ஒன்றுக்கும் அவசரப்படமாட்டார்கள்.

“ஊர் எரிஞ்ச பிறகு இந்தக் கல்லிலை கட்டினவை. மெத்தெண்ட கல்லு, வாறதெல்லாத்தையும் குடிக்கும். விளக்குப் புகை குடிச்சது, குதிரை மூத்திரம் குடிச்சது. இதையும் குடிக்கட்டும்.” பிறகு மகனிடம், “ராத்திரி முழுக்கத் தேய்க்கிற சத்தம் மேலை கேட்டது. கொம்பனி ஆள் எண்டால் விடியும்வரைக்கும் தேய்ச்சிருப்பானோ?” என்றார்.

வேலை தப்பியது. ஆனால் அவர் முதலில் கை கொடுத்தது குலத்துக்கு. “மெர்சி” என்று நன்றி சொன்னதும் அவனுக்கு. தண்ணீர் தெளித்தவன் நான். என் ஏழு வசனத்தில் இரண்டாவது வசனத்தை அவன் சொன்னான்.

5. கறை யாருடையது

மூன்று வருடமும் முடித்து ஓய்வு பெற்றேன். இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். மஞ்சள் ஒரே வருடத்தில் போனது, சிவப்பு பிறகு போனது. உள்ளே மழை படாததால் நீலம் நிற்கிறது, நாலு விரல் அகலம்.

போன கோடையில் அங்கே லோசானிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. குலம் மெசினை நிறுத்திவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

“நாடாளுமன்றம் எல்லாரும் பாக்கிறதுதான். இதைப் பாருங்கோ. இது எங்கட ஆக்கள் இந்த ஊரிலை வைச்ச அடையாளம்.”

“ஆர் வைச்சது?” என்று தாய் கேட்டார்.

“ஒரு அண்ணை.”

என்னால் தாங்க முடியவில்லை. “நான்தான்” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். குலம் உடனே விலகி இடம் விட்டான். “ஓம், இவர்தான் அந்த அண்ணை! இவரைக் கேளுங்கோ, எல்லாம் கணக்கோட சொல்லுவார்.”

முதல்முறையாக அந்தத் தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்து நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு 1191இலிருந்து தொடங்கினேன். 1405இல் ஊர் எரிவதற்குள் பிள்ளைகள் கரடி பார்க்க வேண்டும் என்று தாயின் கையை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். மணற்கல்லில் காய்ந்தபடி கூட்டுங்கள். யாராவது கறையைப் பற்றிக் கேட்டால், கறையிலிருந்து தொடங்குங்கள்.