லூர்துநாதன் பாதி மீசை வைத்த வகை

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லூர்துநாதனுக்கு மீசை என்றால் உயிர். அவன் அப்பனுக்கு இருந்தது, அப்பனைப் பெற்றவனுக்கும் இருந்தது. சித்தப்பன் ஒருவனுக்கு மட்டும் முளைக்கவில்லை. அவனை வம்சக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அந்த மீசையைத்தான் எண்பத்தாறாம் வருஷம், பெண்டாட்டி ஞானத்தின் அண்ணன் யாகப்பனிடம் பந்தயம் வைத்தான்.

"மாதா தேர்ல லைட்டு தானா ஓடும் மச்சான். ஓடலன்னா மீசைய எடுத்துடறேன்."

"உங்கிட்ட வந்தா ரேடியோவே ஊமையாப் பூடுது. லைட்டு ஓடுமா மாப்ள?"

மெட்ராஸ் போய் மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஒன்று வாங்கி, எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்கிற புத்தியையும் அங்கேயே அதற்குள் ஏற்றிக்கொண்டு வந்தான். பார்க்க மரவட்டை மாதிரி இருந்தது. அதை உட்காரவைக்க போர்டு வேண்டுமே! கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் படம் போட்டான். எட்டு வரிசை விளக்குக்கு எட்டுக் கோடு. செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் அதைப் படியெடுத்து, கோடுகளை மட்டும் விட்டு மிச்சச் செம்பைச் சுரண்டித் தரச்சொல்லி, பாத்திரக் கடையில் பேர் வெட்டும் பக்ருதீன் பாயிடம் கொடுத்தான்.

"பேரு இன்னா போடணும்?"

"பேரு வேணாம் பாய். கோடு மட்டும் நின்னா போதும்."

"பேரு இல்லாம இந்த மிஷின்லேர்ந்து ஒரு கரண்டி வெளிய போனதில்லப்பா. திருவிழாக் கூட்டத்துல சாமான் மாறிப் பூடும்."

லூர்துநாதன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. மனசு கேளாமல், எட்டுக் கோட்டுக்கும் குறுக்கே 'ல. லூர்துநாதன், செஞ்சி' என்று பூப்போட்டு வெட்டியிருந்தார் பாய். எட்டும் அறுந்துபோயிருந்தன.

"பாய், என் மீசையையே வெட்டிட்டீங்களே!"

"மீசையா? நான் எழுத்துதானே வெட்டினேன்?"

அன்று சாயங்காலமே தேர். ஊரில் கரண்டும் இல்லை. சோறு வடித்த அடுப்பில் ஈயம் உருக்கும் பற்றுக்கோலைச் செருகிக் காயவைத்து, சிப்பை ஈயத்தால் பற்றவைத்து, அறுந்த இடத்தில் எட்டு ஒயரால் பாலம் போட்டான். அவசரத்தில் எட்டும் தலைகீழாகி, முதல் கோடு கடைசியோடும், கடைசிக் கோடு முதலோடும் சேர்ந்துபோனது. எரியவிட்டுப் பார்க்காமல் அவனுக்கு எப்படித் தெரியும்?

தேரில் ஜெனரேட்டரைப் போட்டதும் விளக்கு ஓடியது. தேர் முன்னால் போக, வெளிச்சம் பின்னால் ஓடியது. பின்னால் வந்த பாண்டுக்காரர்கள், தேர் தங்கள் மேல் ஏறவருகிறதென்று வாசித்துக்கொண்டே பின்வாங்கினார்கள். ஞானத்தின் அம்மா சவரியம்மாள் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாதா எதையோ மறந்துட்டு வந்துட்டா. எடுக்கத் திரும்பிப் போறா."

"எடு மீசைய!" என்றான் யாகப்பன்.

"ஓடுச்சா இல்லியா?"

"பின்னாடில்ல ஓடுச்சு!"

மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ராஜாங்கம் தீர்ப்புச் சொன்னார். "ஓடினது நிஜம். பின்னாடி ஓடினதும் நிஜம். பாதிய எடு."

முடிதிருத்தும் கன்னியப்பன் இடப்பக்கத்தை வழித்துவிட்டான். சொன்ன சொல் தவறக்கூடாதென்று, அதற்கப்புறமும் முளைக்க முளைக்க அந்தப் பக்கத்தை மட்டும் வழித்துக்கொண்டான் லூர்துநாதன்.

மறுவருஷம் யாகப்பன் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. யாகப்பன் கடை வாசலில் வந்து நின்றான்.

"மாப்ள, பொண்ணுக்கு மாமன் நீதான் முன்னால நிக்கணும். உன் கால்ல வேணா வுழறேன், மீதியையும் எடுத்துடு."

லூர்துநாதன் வலப்பக்கத்தை முறுக்கிவிட்டான்.

"அது நான் ஜெயிச்சது மச்சான்."