பதினொரு மணிக்கு எழுந்தவர்

செய்தி வந்தபோது மணி இரண்டே கால். பள்ளியில் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தையல் கூடத்திலிருந்து போனில் பேசிய பெண் "டீச்சர்" என்றாள். பிறகு சொன்னாள். சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தேழு.

அவர் என் கணவரின் அக்கா. எனக்கும் அக்காதான். திருமணமாகி வரும்போது, "நாத்தனார் இருக்கிற வீடு, வாயைக் கட்டிப் போ" என்று எல்லோரும் எச்சரித்தார்கள். வந்த பிறகு அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசியதே அவரிடம்தான்.

தையல் கூடத்தில் அவருக்கு 'ஒட்டகம்' என்று பெயர். ஒரு வரிசையில் இருபது பெண்கள். ஒருவர் காலர் வைப்பார், அடுத்தவர் தோள் மூட்டுவார், அக்கா சட்டைக்குக் கை வைப்பார், அவருக்கு அடுத்தவர் பக்கவாட்டில் தைப்பார். துணி கை மாறிக் கை மாறிப் போகும். நடுவில் ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் சும்மா உட்கார வேண்டும். அதனால் தண்ணீரே குடிக்காமல் இருப்பது அங்கே ஒரு கெட்டிக்காரத்தனம். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து மதியம் வரை அசையாதவர் அக்கா.

"அது பாராட்டா, கிண்டலா?" என்று கேட்டேன்.

"பாராட்டுதான். சும்மா குடுத்துடுவாங்களா? பத்து வருஷம் தாகத்தோட இருந்து வாங்கினது."

அவருக்கு முப்பத்தெட்டு வயதில், ஒரு நாள் குளிர்காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டது. நான்தான் கூட்டிப்போனேன். மருத்துவர் அவர் வயதுள்ள ஒரு பெண். பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"சிறுநீர்த் தொற்று, மூணாவது தடவை. இந்தத் தடவை கிட்னி வரைக்கும் போயிருக்கு. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும். வந்தா உடனே எந்திரிச்சுப் போகணும். இதை நீங்க கேக்கலேன்னா நான் எழுதுற மருந்தால ஒரு பிரயோஜனமும் இல்ல."

வெளியே வந்ததும், வேலையை விட்டுவிடுங்கள், நான் சம்பாதிக்கிறேனே என்றேன். அக்கா சிரித்தார்.

"வேலையையும் விடமாட்டேன், கிட்னியையும் விடமாட்டேன். ரெண்டும் என்னோடது."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எழுந்தார். கழிப்பறை கீழ்த்தளத்தில், போய்வர ஆறு நிமிடம். வரிசையில் யாரோ, "ஒட்டகம் குளத்தைத் தேடிப் போகுது" என்றாளாம். திரும்பி வந்தபோது, அடுத்த மெஷின் பெண் இவருடைய மெஷினில் உட்கார்ந்து, வரிசை நிற்கக் கூடாதென்று நல்லெண்ணத்தில் மளமளவென்று தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அக்கா இடதுகைக்காரர். எல்லோரும் இடப்பக்கம் வைக்கிற, சட்டையின் இடக்கைத் துணிகளை அவர் வலப்பக்கம் வைத்துக்கொள்வார். அவள் கைப்பழக்கத்தில் எடுத்துத் தைக்க, நாலு சட்டையில் இடக்கையும் வலக்கையும் மாறிவிட்டது.

மேற்பார்வையாளர் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இதை யாரும்மா போடுவா? முதுகுப் பக்கமா நடக்கிறவனா?"

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "அவ மேல தப்பில்ல சார், நான் சொல்லாம எந்திரிச்சுட்டேன்" என்றார் அக்கா.

"இனிமே இப்படி எந்திரிச்சா மெஷின் கிடையாது. நூல் வெட்டுற மேசைக்குப் போயிடுங்க."

நூல் வெட்டும் மேசை என்றால் பிசிறு நறுக்கும் வேலை. புதிதாக வருகிறவர்கள் நிற்கும் இடம். இருபது வயதிலிருந்து பழகிய தொழிலை விட்டு இறங்குவது. அக்கா சாப்பாட்டு நேரத்தில் நாலு சட்டையையும் பிரித்தார். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு சரியாகத் தைத்து வைத்தார். போகும்போது மேற்பார்வையாளர் முன்னால் நின்றார்.

"சார், நாளைக்கும் பதினொரு மணிக்கு எந்திரிப்பேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

"என்னம்மா, மிரட்டுறீங்களா?"

"இல்ல சார். நேரம் சொல்றேன். வரிசை நின்னுச்சுன்னா நானே நூல் வெட்டப் போயிடறேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் கேட்டேன்: "என்னக்கா பண்ணப் போறீங்க?" அவர் கைவிரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சட்டைக்குக் கை வைக்க ஒன்றரை நிமிடம். ஆறு நிமிடத்துக்கு நாலு சட்டை. எட்டிலிருந்து பதினொன்றுக்குள் நாலே நாலு சட்டையைக் கூடுதலாகத் தைத்துச் சேர்த்து வைக்க முடியாதா?

மறுநாள் தைத்தார். பதினொரு மணிக்கு ஐந்து சட்டையை அடுத்தவள் மேசையில் வைத்துவிட்டு, "அஞ்சு இருக்கு. என் மெஷினைத் தொட்டேன்னா கையை ஒடிப்பேன், கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மேற்பார்வையாளர் கடிகாரத்தோடு வரிசைத் தலைமாட்டில் நின்றாராம். அக்கா திரும்பி வந்தபோது ஐந்தாவது சட்டை இன்னும் மேசையில் இருந்தது. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தபடியே தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டிலும் ஒரு வழக்கம் வந்தது. வேலை முடிந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திவிட்டு, தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். இருபது நிமிடம். "வீடு தீப்பிடிச்சா மட்டும் கூப்பிடுங்க." ஒருநாள் என் கணவர் கத்திரிக்கோல் எங்கே என்று கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து, "தீ எந்தப் பக்கம்டா?" என்று நிதானமாகக் குரல் வந்தது. பிறகு யாரும் தட்டவில்லை. நான் மட்டும் சில நாள் போய்ப் பக்கத்தில் படுத்துக் காலைத் தூக்கிக்கொள்வேன். அறிவுரை எதுவும் சொல்லமாட்டார். கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் விடுவார், அவ்வளவுதான்.

தையல் கூடத்தில் முதலில் கேலி செய்தவள்தான் முதலில் வந்து கேட்டாள். "அக்கா, நானும் எந்திரிக்கணும். எப்படி?" அடுத்த மாதம் ஏழு பேர், போகப்போக வரிசை முழுவதும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் வரிசை அறுந்துபோகும். அதனால் யார் எப்போது, எத்தனை சட்டை முன்னால் வைத்துவிட்டு எழுவது என்று அக்கா ஒரு சீட்டு எழுத ஆரம்பித்தார். கர்ப்பிணிக்கு இரண்டு தடவை கூடுதல். மாதவிலக்கு நாளில் இருப்பவள் சொன்னால் போதும், மற்றவள் தன் நேரத்தைக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் வந்த மேற்பார்வையாளர்கள் அந்தச் சீட்டின் நகலைத் தாங்களே கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருடம், மாதம் தவறாமல் எழுதினார். கிட்னியைப் பற்றி அந்த மருத்துவர் மறுபடி கவலைப்பட நேரவில்லை. போன உயிர் வேறு வழியில் போனது. அதற்கு யாரும் பொறுப்பில்லை.

அடக்கம் முடிந்த அன்று மாலை அந்த வரிசைப் பெண்கள் பத்தொன்பது பேரும் வந்தார்கள். அக்காவின் பையை என்னிடம் கொடுத்தார்கள். அதில் அடுத்த மாதத்துச் சீட்டு இருந்தது. தன்னையும் சேர்த்துப் பதினாலு பேருக்கு நேரம் எழுதியிருந்தார். மீதி ஆறு பேருக்கு எழுதவில்லை.